புல்லுத் தண்ணி

கொல்லையில் புதராக நின்ற எலுமிச்சைப் புல்லை டிரைவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். காலமெல்லாம் லாரி ஓட்டிய கையல்லவா, வேரும் மண்ணுமாகப் புதரே வந்துவிட்டது. நாலு இலையை மேலாக அறுத்தால் போதும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? அதை நட்டது, அறுத்தது, கொதிக்க வைத்தது எல்லாம் அவர் மனைவிதான். அவருக்கு அது மாடு தின்கிற புல். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாய் குடித்ததில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி டாக்டர் கைவிரித்துப் பல நாளாகிவிட்டது. தண்ணீரைக்கூட வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், அன்று காலையில் தானாக வாய் திறந்தாள்.

"ஏங்க, புல்லுத் தண்ணி ஒரு வாய் குடிக்கணும்போல இருக்கு."

"இதோ, ஒரு நிமிஷம்" என்றுதான் அவர் கொல்லைக்கு ஓடி வந்திருந்தார்.

எவ்வளவு போடுவதென்று தெரியவில்லை. அவளைக் கேட்க வீம்பு விடவில்லை. இருப்பதிலேயே பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து, அலசிய புல் முழுவதையும் முறித்துத் திணித்தார். அது கொதிப்பேனா என்றது. மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்.

"இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்று கட்டில் இருந்த பக்கம் குரல் கொடுத்தார்.

முதலில் "ம்" என்று பதில் வந்தது. பிறகு வரவில்லை. டம்ளரோடு போனபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அவருக்கு அழுகை வரவில்லை. டம்ளரில் இருந்ததைத் திரும்பப் பாத்திரத்திலேயே ஊற்றினார். தங்கைக்குப் போன் செய்தார். நாற்காலிகளை எடுத்துப் போட்டார். வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். சாவு வீடு அப்படி மணத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கை அழுது ஓய்ந்து சமையலறைக்குப் போனாள்.

"என்னண்ணே இது, ஊருக்கே காய்ச்சி வச்சிருக்கீங்க?"

சூடு பண்ணி, சர்க்கரை போட்டு, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். சிலர் கூச்சத்தோடு இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்கள். அவர் கையிலும் ஒரு டம்ளர் வந்தது.

"குடிங்கண்ணே. காலையிலேர்ந்து வெறும் வயிறு."

குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

"அவளுக்கு எடுத்து வச்சியா?" என்று கேட்டார்.

தங்கை பாத்திரத்தைச் சாய்த்து, அடியில் கிடந்ததை வடித்தாள். அரை டம்ளர் தேறியது. தட்டுப் போட்டு மூடி, யார் கையும் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.