பட்டுப்பாவாடையில் அறவாழி

அந்த இங்கிலாந்து ஓவிய மாளிகைக்குள் நுழைகிறவர்கள் தங்கள் ஐந்து வயதுக்குத் திரும்பிவிடுவது வழக்கம். கைப்பை வைத்திருந்ததால் தமயந்திக்கு மட்டும் விலக்கு.

அவள் கணவர் அறவாழி வாசலிலேயே சுருங்கினார். விறுவிறுவென்று போய், முதல் கூடத்தில் காலியாக இருந்த படச்சட்டத்துக்குள் ஏறி நின்றுகொண்டார். கழுத்தைச் சுற்றி அப்பளம் அடுக்கியது போல விறைப்பான வெள்ளைக் காலர். இடுப்பில் வாள். பக்கத்துப் படங்களிலும் அதே மாதிரிப் பிள்ளைகள். ஒன்றும் சிரிக்கவில்லை.

“கேஸ் சிலிண்டரை மூடினியா?” என்றார் அறவாழி.

“மூடிட்டேன். இறங்கி வாங்க.”

“தம்பி இன்னும் சாப்பிடலை. வேலை கிடக்கு.”

அம்மா படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டின் மூத்த பிள்ளை அவர். இந்த வயதில்தான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். காலர் அளவெடுத்தது போலப் பொருந்தியது. தமயந்திதான் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

காவலுக்கு நின்ற வெள்ளைக்காரி திருநெல்வேலித் தமிழ் பேசினாள். “இந்தக் கூடம் நானூறு வருசப் பழசு. அப்ப பிள்ளைன்னு தனியா கிடையாதுல்லா. சின்ன சைசு பெரியவங்கதான்.”

“வேற கூடம்?”

“அடுத்தது இருக்கு. மரம், நாய்க்குட்டி, வெறுங்கால். அங்க விளையாடலாம். மணி அடிக்கும்போது எங்க நிக்காகளோ, அந்தப் பிள்ளைப்பருவம்தான் நிலைக்கும்.”

“அங்கே மாத்திடுங்க.”

“பையன்னா கவுன் போட்டிருக்கணும். கால்சட்டை ஏறிட்டா ஆம்பளை. எங்க நாட்டு வழக்கம்.”

தமயந்தி கைப்பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தாள். குலதெய்வத்துக்கு முடி இறக்கும் முன் எடுத்தது. பட்டுப்பாவாடை, பூ தைத்த சடை, குஞ்சலம் தெரிய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி. நடுவில் அறவாழி.

“அதைக் கொளுத்தச் சொன்னேனே!” என்றது சட்டம். “கல்யாணமான மாசமே சொன்னேன்!”

“சொன்னீங்க.”

காவல்காரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்கு ஒரு கும்பிடு போட்டாள். “செல்லும்.”

அடுத்த கூடம் தானாக நகர்ந்து வந்தது. காலர் நொறுங்கி உதிர்ந்தது. பேன்ட் கழன்று தரையில் விழுந்தது. அறவாழி பாவாடையில், வெறுங்காலோடு நின்றார். நாய்க்குட்டி ஒன்று அவர் வாளைக் கவ்விக்கொண்டு மரங்களுக்குள் ஓடியது. அவர் அசையவில்லை.

“தம்பி?”

“நான் ஊட்டறேன்.”

“நிஜமா?”

“நிஜமா.”

பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். குஞ்சலம் முதுகில் அடிக்க அடிக்க ஓடினார்.

மணி அடித்தது.

தரையில் கிடந்த அவருடைய பேன்ட்டைத் தமயந்தி மடித்துக் கைப்பையில் வைத்தாள். இடுப்பு கனத்தது. கொழுந்தனார் கைக்குழந்தையாக அதில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணி, பசிக்குது” என்றார்.

தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள்.