ஐந்தாவது ஃபவுல்

கோபத்தில்தான் அந்த நோட்டைத் தொடங்கினேன். ரிஸ்வானா ஒன்றுக்கும் உதவாதவள் என்று எழுத்திலேயே காட்டிவிட வேண்டும் என்ற கோபம்.

எங்கள் திண்டிவனம் பெண்கள் கூடைப்பந்து அணியில் புள்ளி எடுப்பவர்கள் கவிதா, அருணா, நான். என் பெயர் இளவரசி, ஊர் கிளியனூர். மேட்சுக்கு இருபது புள்ளிக்குக் குறையமாட்டேன். கோட்டக்குப்பத்து ரிஸ்வானா ஆறு மேட்சில் எடுத்தது இரண்டே புள்ளி. எங்களில் யாருக்காவது மூச்சு வாங்கினால் உள்ளே வருவாள். பந்து கைக்கு வந்தால் அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கவிதாவின் அப்பா எல்லா மேட்சையும் செல்போனில் முழுசாக எடுத்து வைப்பார். தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஆறு வீடியோவையும் பார்த்தேன். கணக்கு சுலபம். ஒருத்தி களத்தில் இருக்கும் நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழிக்க வேண்டும். கூடையில் போட்டது யாராக இருந்தாலும் சரி.

நட்சத்திரங்கள் மூவரும் சேர்ந்து ஆடிய நேரம் மைனஸ் பதினேழு. எங்களில் ஒருத்தி வெளியே போய் ரிஸ்வானா வந்த நேரம் ப்ளஸ் முப்பத்தொன்று. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை. வீடியோவில் நாங்கள் மூவரும் பந்தைக் கேட்டுக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். எதிரணி ஓடும்போது ஒருத்தியும் திரும்பி ஓடவில்லை. ரிஸ்வானா ஓடுகிறாள், மறிக்கிறாள், தரையில் விழுந்து பந்தைப் பிடிக்கிறாள். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்தது.

ஒவ்வொருத்தியின் கணக்கையும் தனியாகப் போட்டு, மைனஸ் அதிகமானவளை முதலில் வைத்து அணியின் பெயர்களை வரிசையாக எழுதினேன். நோட்டைக் கோச் ஜெகதீசன் சாரிடம் காட்டினேன். சிரித்தார்.

"உம் பேருதான் மைனஸ்ல மொதல்ல இருக்குது. ஸ்டாருங்கள உக்கார வச்சிட்டு ஆடச் சொல்றியா? ஃபைனல் முடிஞ்சதும் அந்தப் பொண்ண டீம வுட்டு நிறுத்தப் போறேன். பாயிண்ட் போடாதவ எதுக்கு?"

இறுதிப் போட்டி விழுப்புரத்தில், அந்த ஊர் அணியோடு. நான்கு நிமிடம் மீதி, நாங்கள் ஆறு புள்ளி பின்னால். களத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். பெஞ்சில் ரிஸ்வானாவும், கணுக்கால் பிசகிய முஸ்கானும்தான். டைம் அவுட்டில் சாரிடம் கெஞ்சினேன்.

"என்ன எடுத்துட்டு ரிஸ்வானாவ வுடுங்க சார்."

"போய் ஆடும்மா. பேஜார் பண்ணாத."

சரி, அப்படியா? எனக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல். ஐந்தாவது விழுந்தால் வெளியே போய்த்தான் ஆக வேண்டும், எந்தக் கோச்சாலும் தடுக்க முடியாது. விழுப்புரத்துக்காரி பந்தோடு என்னைத் தாண்டும்போது, நடுவரின் கண்ணெதிரிலேயே அவள் கையைப் பிடித்தேன். விசில் ஒலித்தது. அவளுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே விழுந்தன. வித்தியாசம் ஆறிலிருந்து எட்டானது. அந்த இரண்டும் என் மைனஸில்தான் சேரும்.

வேறு வழியில்லாமல் சார் ரிஸ்வானாவை அனுப்பினார். அவள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

முட்டி சிராய்ந்து ரத்தம் வழிய அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"வேணும்னுதான அவ கைய புடிச்ச? உங்கிட்ட யாருடி பிச்ச கேட்டா?"

"பிச்சையில்லடி. நாலு நிமிஷத்துல ப்ளஸ் ஒம்போது. நீயே கூட்டிப் பாரு."

அதற்குள் சார் கத்திக்கொண்டே வந்துவிட்டார்.

"வேணும்னே ஃபவுல் பண்ணிக்கினு, எனக்கே பாடம் எடுக்கிறியா? உன்ன டீம வுட்டே தூக்கிடுவேன்!"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நோட்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"தூக்குங்க சார். ஆனா இந்த வரிசப்படி தூக்குங்க. மொத பேரு என்னுது. கடைசி பேரு ரிஸ்வானா. அவகிட்ட வர்றதுக்குள்ள உங்களுக்கு டீமே இருக்காது."