பொரிப் பட்டறையும் டாக்டர் வினுதாவின் வாக்கும்

1

இந்தக் கதை எனக்குக் கர்நாடகத்துத் தாவணகெரேயில் கிடைத்தது, மிளகாய் பஜ்ஜிக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலத்தில். பக்கத்துப் பொரிப் பட்டறையில் மூட்டை கட்டும் பெண்கள், மூடி போட்ட சின்ன டப்பாக்களோடு ஆண்களைத் தேடி வரும் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிப் பேசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த டாக்டரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காதவர்களைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம் கிடையாது. பார்த்தவர்களைப் பற்றி எழுதித்தான் வம்பில் மாட்டியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "உலகெங்கும் ஆண்களின் விந்தணு எண்ணிக்கை கடந்த..." (நிறுத்திவிட்டேன். ஞாயிறு மலர் வாடை அடிக்கிறது.)

இரண்டாவது: "அந்தச் சொல்லைக் கேட்டதும் கொட்ரேஷ் வெட்கத்தில் தலையைக்..." (பொய். கொட்ரேஷ் தலை குனிகிற ஆள் இல்லை.)

சரி, நேராகவே போகலாம். டாக்டர் வினுதா விஞ்ஞானி. இடுப்பளவு உயரத்தில் எரியும் அடுப்பின் முன்னால் நாளெல்லாம் நின்று பொரி வறுக்கும் ஆண்களுக்கு, அந்தச் சூட்டில் விந்தணு கெடுகிறதா, கெட்டால் திரும்புமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. டப்பாக்களோடு முதல்முறை பட்டறைக்குள் நுழைந்தபோது அடுப்பில் பொரி வறுத்துக்கொண்டிருந்த கொட்ரேஷ்தான் வாயைத் திறந்தான்.

"என்ன மேடம், எங்க சரக்குல கலப்படம் இருக்கான்னு பாக்கவா?"

"சரக்கு நல்லாத்தான் இருக்கும்ணா. பொரியோட சேத்து அதையும் வறுத்துடுறீங்களோன்னுதான் சந்தேகம்."

பட்டறையே குலுங்கியது. முதல் டப்பாவை வாங்கியவனும் கொட்ரேஷ்தான். ஆனால் அதற்கு முன் வினுதா ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது: சோதனை முடிவை உங்களைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டேன், கட்டின மனைவிக்கும்கூட. அந்த வாக்கு இல்லாவிட்டால் ஒருவனும் டப்பாவைத் தொட்டிருக்க மாட்டான்.

3

நுண்ணோக்கியில் கொட்ரேஷுடையதில் நீந்துவது ஒன்றிரண்டுகூடத் தேறவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒரேயடியாப் போயிடலைண்ணா. மூணு மாசம் அடுப்பை விட்டுத் தள்ளி இருங்க, புதுசா ஊறலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன். வாய்ப்பு இருக்கு."

"தள்ளின்னா எங்க?"

"மூட்டை கட்டுற கொட்டகையில."

"பொம்பளைங்களோடயா? நான் அங்க போய் உக்காந்தா விஷயம் என்னன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அதுக்கு நீங்களே தமுக்கு அடிச்சிடுங்க மேடம்."

போகவில்லை. அந்தக் கொட்டகையில் மூட்டை கட்டுகிறவள் ஹாலம்மா, அவன் மனைவி. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. குறை அவளுடையதுதான் என்று வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. கொட்ரேஷின் அம்மா அவனுக்குப் பக்கத்து ஊர் ஹரிஹரத்தில் இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

(அவனை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் தன் பங்கு பஜ்ஜியை எல்லோர் கண்ணெதிரிலும் ஹாலம்மா தட்டில் வைக்கிறவன் அவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். வெறும் பயந்தாங்கொள்ளி. எனக்கு அவன்மேல் கோபம்தான், மறைக்கவில்லை.)

4

முடிவு அ: கொட்ரேஷ் கொட்டகையில் உட்காருகிறான், மூன்று மாதம் கழித்து ஹாலம்மாவுக்கு மசக்கை, கடைசிக் காட்சியில் தொட்டில். (வினுதாவே தராத உத்தரவாதத்தை நான் எப்படித் தருவது?)

முடிவு ஆ: வினுதா ஹாலம்மாவிடம் போட்டு உடைத்துவிடுகிறாள். எழுதும்போது எனக்கு அப்படி ஒரு திருப்தி. ஆனால் மறுநாளே பட்டறையில் எல்லோரும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். கோடு போட்டு அடித்தேன்.

முடிவு இ: இதை நான் எழுதவில்லை. ஹாலம்மாவே கிளம்பி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

5

"வெள்ளிக்கிழமை ஹரிஹரத்துக்குத் தாம்பூலம் மாத்தப் போறாங்க மேடம். நீங்க படிச்சவங்க. குறை என்கிட்டதானா?"

வினுதா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். "உங்க வீட்டுக்காரரைக் கேளும்மா."

"கேட்டாச்சு. 'போய் டாக்டரம்மாவைக் கேளு'ன்னுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

வினுதா கையிலிருந்த கண்ணாடித் தகட்டை மேசைமேல் வைத்தாள். இதற்கு என்ன அர்த்தம்? தன் வாயால் சொல்ல முடியாதவன், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று வாக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறானா? அல்லது வினுதா வாய் திறக்க மாட்டாள் என்ற தைரியத்தில் தட்டிக் கழித்தானா? கொட்ரேஷுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை.*

நானும் சொல்ல முடியாது. அந்த வாக்கை வினுதாவைக் கொடுக்க வைத்ததே நான்தான். நானே மீறினால் அடுத்த கதையில் எவன் என்னை நம்பி வருவான்?

ஆனால் இதைப் படிக்கிற உங்களுக்கும் எல்லாம் தெரியும். உங்களிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை. ஹாலம்மா வினுதாவை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"இவ்வளவு நேரமா நீங்களும் இங்கதானே இருந்தீங்க? நீங்களாவது சொல்லுங்க."

* அடுப்புச் சத்தத்தில் போன் மணி கேட்காது என்பார்கள். கேட்கும்.