மூடிக்குப் பதிலாக ஒரு முகம்

எழுதிப் பழக்கமில்லாதவள் இதைச் சொல்லத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடி செய்பவரின் மனைவி கண்களை மூடினால், இமைகளுக்குள் ஒரு சுருள் விண்மீன் மண்டலம் சுழல்கிறது. அந்த வெளிச்சத்தில் அருகே அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம்; அனுமதி பெற்று நாங்கள் சிலர் படித்தும் இருக்கிறோம்.

கண்ணாடிக்காரர் கொல்லையில் கூரை நகரும் தகர அறை ஒன்றைக் கட்டி, தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, வானத்தில் இருந்த அந்த ஒரு மண்டலத்தையே ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர். அதன் ஒளி மிக மங்கல். பல இரவுகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அதன் சுருள் கைகள் துலங்கும். மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயரிட்டிருந்தார். ஊராருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவரால் மனைவியின் கண்களுக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. பார்வையின் ஓரங்களிலிருந்து இருட்டு உள்நோக்கி வளர்ந்தது. "முழுசா இருட்டிப் போறதுக்குள்ள அந்தச் சக்களத்தி மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணுங்க" என்பதே அந்த அம்மையாரின் ஒரே வேண்டுகோள்.

படமெடுத்து முடிந்ததும் தொலைநோக்கிக் குழாயின் வாயை மூடி, வெறும் இருட்டையும் படமெடுத்து, முதற்படத்திலிருந்து அதைக் கழிப்பது வழக்கம். கேமரா தானாக இடும் புள்ளிகள் அதில் நீங்கிவிடும். ஓர் இரவு அந்தக் குழாயின் மூடியைக் காணவில்லை.

"மூடிய எங்க வெச்சேம்மா?"

"எனக்கா கண்ணு தெரியுது? நீங்கதான் அது மேலயே உக்காந்திருப்பீங்க" என்றவர், தடவிக்கொண்டே வந்து, தாழ்ந்து சாய்ந்திருந்த குழாயின் வாயில் தம் முகத்தையே பதித்துக்கொண்டார். "இதவிட நல்ல இருட்டு உங்களுக்கு எங்க கிடைக்கும்? எடுங்க."

எடுத்தார். கணினியில் கழித்தார். சுருள் கைகள் ஒவ்வொன்றாக விரிந்து, எண்ணற்ற சூரியன்கள் திரையில் தூளாகச் சிதறிக் கிடந்தன. "நடுவுல மஞ்சளா இருக்கா? கையெல்லாம் நீலமா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டபோதுதான், கழிபட்டது யாருடைய இருட்டு என்று அவருக்கு விளங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவும் அஞ்சினார். அம்மையார் மூடிய இமைகளுக்குள்ளேயே அதை ஓரம்வரை பார்த்து முடித்தார். பிறகு, "அழகிதான். உங்களக் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

கண் மருத்துவர் சோதித்தார். பாதியில் தம் டார்ச்சை அணைத்துவிட்டு, இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொள்ளலாமா என்று பணிவுடன் கேட்டார்.

இழந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மையாரின் உறக்கத்தில் இருட்டு இல்லை. அவர் உறங்கினால் கொல்லையிலும் இல்லை. ஆகவே படமெடுப்பு நின்றது, கூரை துருப்பிடித்தது. மூடி இன்றுவரை கிடைக்கவில்லை.