பதினான்கு பேரின் காதில்

"வாயில வச்சதும் முழுங்கிடாதீங்க," என்றாள் ஆஞ்சலா. "நாக்குக்கு ரெண்டு பக்கமும் ஒரு சுத்து போய் வரட்டும். அவசரமே இல்ல."

சொல்லி முடித்ததும் மைக்கை அணைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு ஓடினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அவள் அப்பா ரெமிஜியஸ் வாய் திறந்தபடி கிடந்தார். மூச்சு வந்தது, நின்றது, போய்விட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி வந்தது. அம்மா பியாட்ரிஸ் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் அப்பாவின் தங்கை நோரா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். முன்பாதியை அத்தை சொல்ல, பின்பாதியை அம்மா சொல்ல, காலையிலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது உனக்கு?" என்றாள் அம்மா.

"நாலுல ஒண்ணு முடிஞ்சுது மம்மி. இன்னும் மூணு கிளாஸ். ஒரு மணி நேரம்."

"டாடிகிட்ட சொல்லிட்டுப் போ."

ஆஞ்சலா குனிந்தாள். "டாடி, வெள்ளை ஒயின் ஆயிடுச்சு. அடுத்து சிவப்பு. சீக்கிரம் வந்துடறேன்."

இமை அசைந்தது போலிருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காதில் கவினின் குரல் கேட்டது. "அக்கா, இருக்கீங்களா? அந்தம்மா பேச ஆரம்பிச்சுட்டாங்க."

ஓடினாள்.

இத்தாலியில், தஸ்கனியில் ஒரு குன்றின் மேல், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கல்வீடு. அங்கே நீண்ட மர மேஜையைச் சுற்றிச் சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் போன பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காலை பதினொன்று, இங்கே நீலசந்திராவில் பிற்பகல் இரண்டரை. தோட்டத்துக்காரி டொனாட்டா இத்தாலிய மொழியில் சொல்வதை ஆஞ்சலா தமிழில் சொல்ல வேண்டும். குழுவை அழைத்துப் போயிருக்கும் கவினின் போன் வழியாக அவள் குரல் பதினான்கு பேரின் காதிலும் ஒலிக்கும். எந்த ஒயினுக்கு எந்த உணவு, முதலில் எதைக் கடிப்பது, எப்போது குடிப்பது, எல்லாவற்றையும் அவள்தான் சொல்வாள். முப்பது தடவைக்கு மேல் சொல்லியாகிவிட்டது. இத்தாலியை அவள் பார்த்ததில்லை. அந்த ஒயின்களில் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

மொழி வந்தது கன்னியர் மடத்தில். பதினெட்டு வயதில் அவள் சேர்ந்தது இத்தாலியச் சபை. ஆறு வருடம் கழித்து வேண்டாம் என்று வெளியே வந்தபோது, கையிலிருந்த பெட்டியோடு அந்த மொழியும் கூடவே வந்துவிட்டது. அழைத்துப்போக வந்த அப்பா, ஆட்டோவில் ஏறியபின் கேட்டது ஒரே கேள்வி. "பசிக்குதா?"

உள்ளறை ஜன்னலில் தடித்த கம்பளி தொங்கியது. தெருவின் ஹாரன் சத்தம் மைக்கில் விழக்கூடாது. ஃபேன் சத்தமும் கூடாது. வியர்வை முதுகில் கோடாக இறங்க, கம்பளியின் பழைய வாடையில் உட்கார்ந்துதான் அவள் மலைக்காற்றைப் பற்றியும் சைப்ரஸ் மரங்களைப் பற்றியும் பேசுவாள். எப்போதும் கதவைத் தாழ் போட்டுவிடுவாள். இன்று ஒரு சாண் திறந்து வைத்திருந்தாள்.

டொனாட்டா ரொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர் ரொட்டியில உப்பு போட மாட்டாங்க," என்றாள் ஆஞ்சலா. "கூட வர்ற பாலாடைக்கட்டியில உப்பு இருக்கும். ரெண்டையும் சேத்துக் கடிச்சு, அது வாயில இருக்கும்போதே ஒரு மடக்கு சிவப்பு."

"உப்பு போடாத ரொட்டிக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" ஓசூரில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற சந்திரசேகரனின் குரல். "எங்க வீட்ல மறந்து போட்டா நான் சண்டை போடுவேன். இங்க மறந்ததுக்குக் காசு வாங்குறான்!"

"வீட்ல என்னிக்கு மறந்தேன்?" என்றாள் அவர் மனைவி சாந்தகுமாரி. "பதினாலு பேர் முன்னாடி சொல்லுங்க, பாக்கலாம்."

சிரிப்பு. ஆஞ்சலாவும் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் குரலில் கேட்க வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இந்த அழைப்பை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். யாரும் இல்லை. ஜனவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை, டாக்டர் இன்று தாங்காது என்றார். சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்தார், அத்திபெலேயிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள், ஆஞ்சலா குழுக்களைப் பாதியில் விட்டாள். இரண்டு முறையும் மறுநாள் காலை அப்பா கண்ணைத் திறந்து, இவ்வளவு பேர் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சைகையில் கேட்டார். வந்தவர்களுக்குச் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆபீசில் ரமா மேடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "மூணாவது வாட்டி என்னால முடியாது ஆஞ்சலா," என்று மட்டும் சொன்னார். "செப்டம்பர் குரூப்போட நீதான் நேர்ல போறேன்னு எழுதி வச்சிருக்கேன். அத நானே அடிக்கிற மாதிரி பண்ணிடாதே."

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. இரண்டு வருடமாக அவள் இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை.

இரண்டாவது ஒயினைக் குடிக்க விட்டுவிட்டு மறுபடி கூடத்துக்குப் போனாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளி நீண்டிருந்தது. கையைத் தொட்டாள். விரல் நுனிகள் சில்லென்றிருந்தன. பீன்யாவில் முப்பது வருடம் லேத் மிஷினில் நின்ற கை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை.

"இங்கயே இருந்துடேன்," என்றாள் அம்மா. மகளின் முகத்தைப் பார்க்காமல் பஞ்சைப் பிழிந்தபடி சொன்னாள்.

"மம்மி, ஏப்ரல்ல இதே மாதிரிதான..."

"அதான். ஏப்ரல்ல இருந்தியே."

நோரா அத்தை ஜெபமாலை மணியை விரலில் நிறுத்திக்கொண்டாள். "எங்கயோ உக்காந்துக்கிட்டு ஜனங்க குடிக்கிறாங்க. ஊத்திக் குடுக்க இவ வேணுமா? பெத்தவன் இங்க இழுத்துக்கிட்டு கெடக்கான்."

"நோரா, சும்னே இரு," என்றாள் அம்மா. "அது வேலை. அவருக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். எட்டு மாதமாகக் குழாய் வழியாகத்தான் உணவு. தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. குரல் இருந்தவரை, அவள் அழைப்பு முடியக் காத்திருந்து கூப்பிடுவார். "ஏம்மா, அந்தக் கோழி ஈரல அரைச்சு ரொட்டியில தடவுறாங்கன்னியே, மிளகு போடுவாங்களா?" "தெரியல டாடி, கேட்டுச் சொல்றேன்." அடுத்த குழு போனபோது டொனாட்டாவிடம் கேட்டாள். போடுவார்களாம், கூடவே கொஞ்சம் புளிப்பாக ஏதோ ஒரு மொக்கும். அதைக் கேட்டதும் அவர் தலையாட்டினார். "அப்ப நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

"கண்ணத் தொறந்தா கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு ஆஞ்சலா உள்ளே போனாள்.

மூன்றாவது ஒயின் ஐந்து வருடம் பீப்பாயில் கிடந்தது. டொனாட்டா அதை மெதுவாக, கோயிலில் பேசுவதுபோலப் பேசினாள். தோல், புகையிலை, மழைக்குப் பின் காட்டுத் தரை. ஆஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள். "மூக்குக்கிட்ட கொண்டுபோங்க. புதுச் செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்சா ஒரு வாசனை வருமே, அது முதல்ல. அப்புறம் வெத்தலைப் பெட்டியத் தொறந்த மாதிரி. கடைசியில ஈர மண்ணு."

"செருப்பையா குடிக்கச் சொல்றீங்க?" என்றார் சந்திரசேகரன்.

"புதுச் செருப்புதானே சார். பயப்படாம குடிங்க."

அவள் சத்தமாகவே பேசினாள். ஒரு சாண் கதவு வழியாகப் போய்ச் சேரும் அளவுக்கு. ஈரல் தடவிய ரொட்டி வந்தது. சாந்தகுமாரி சைவம். ஒயினை முகர்ந்து பார்த்ததோடு சரி. ரொட்டியை வெறுமனே தின்ன முடியாமல், கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டாள் என்று கவின் சொன்னான். எலுமிச்சை ஊறுகாய்.

மேஜை முழுக்கக் கை நீண்டது. ஆளுக்கொரு துண்டு உப்பில்லாத ரொட்டியில் ஊறுகாய். டொனாட்டாவுக்கும் ஒரு துண்டு போனது. கடித்தாள். பிறகு அவள் இருமினாள், சிரித்தாள், இது என்ன, எப்படிச் செய்வது என்று ஆஞ்சலாவின் பெயரைச் சொல்லியே கேட்டாள்.

"சொல்லும்மா, சொல்லும்மா," என்றாள் சாந்தகுமாரி. "எலுமிச்சம்பழத்த நாலா கீறி உப்பு அடைச்சு, ஜாடியில போட்டு, தினமும் குலுக்கி வெயில்ல வைக்கணும்."

ஆஞ்சலா இத்தாலிய மொழியில் சொல்லத் தொடங்கினாள். எலுமிச்சை. உப்பு. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நோரா அத்தை ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். பின்பாதி வரவில்லை.

அத்தை மறுபடி முன்பாதியைச் சொன்னாள். அம்மாவின் குரல் வரவில்லை.

"எவ்வளவு நாள் வெயிலில்?" என்று டொனாட்டா கேட்டாள்.

"எவ்ளோ நாள் வைக்கணும்னு கேக்குறாங்க," என்றாள் ஆஞ்சலா தமிழில்.

"ஒரு மாசம். நல்ல வெயிலா இருந்தா இருபது நாளே போதும்."

ஒரு மாதம், என்றாள் இத்தாலிய மொழியில். நல்ல வெயிலாக இருந்தால் இருபது நாள். அதற்குள் அத்தை வேறொரு ஜெபத்துக்குப் போயிருந்தாள். மடத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைகளுக்கு நடுவே நின்று அவர்கள் சேர்ந்து சொல்லும் ஜெபம். இறந்தவருக்கு இளைப்பாற்றி கேட்பது. அத்தையே முன்பாதியும் சொன்னாள், பின்பாதியும் சொன்னாள்.

ஆஞ்சலாவின் காதில் பதினான்கு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ யாருடைய முதுகிலோ தட்டும் சத்தம். அவள் கதவின் இடைவெளியைப் பார்த்தாள். கூடத்துத் தரையில் ஒரு துண்டு வெளிச்சம், அதன் மேல் அம்மாவின் கால். கால் அசையவில்லை.

ஆஞ்சலா எழுந்திருக்கவில்லை.

கவின் தனியாக அவளிடம் பேசினான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மைக்கை மூடிக்கொண்டிருந்தான். "அக்கா, இங்க மழை வர்ற மாதிரி இருக்குது. கடைசி ஒயின விட்டுடலாமா? எல்லாரும் பஸ்ல ஏறிட்டா நீங்களும் ஃப்ரீ ஆயிடுவீங்க. அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"வேணாம் கவின்," என்றாள். "பிளான்ல இருக்கறபடியே போகட்டும்."

"ஷ்யூரா?"

"காசு குடுத்து வந்திருக்காங்க. எல்லாம் குடிச்சிட்டே போகட்டும்."

டொனாட்டா கடைசி ஒயினைப் பற்றித் தொடங்கினாள். இனிப்பு ஒயின். புனித ஒயின் என்று பெயர். திராட்சையைப் பறித்ததும் பிழிய மாட்டார்கள். குலை குலையாகக் கயிற்றுக் கொடியில் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுக்க வாட வைப்பார்கள். பிறகு சின்னப் பீப்பாய்களில் ஊற்றி, மூடியை அடைத்து, கூரைக்கு அடியில் உள்ள பரணில் வைத்துவிடுவார்கள். கோடையில் அங்கே நிற்க முடியாத சூடு, குளிர்காலத்தில் விறைக்கும். வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஆஞ்சலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன் குரல் எப்போதும்போல இருப்பதைத் தானே கேட்டாள். பாதாம் பிஸ்கட்டைக் கடித்தால் பல் போய்விடும், ஒயினில் நனைத்துத் தின்னுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு முழுதாகத் திறந்தது. அம்மா நின்றிருந்தாள். தோளில் கிழித்த வெள்ளைத் துணி ஒன்று.

ஆஞ்சலா மைக்கை அணைத்தாள்.

அம்மா அவளைத் திட்டவில்லை, அழவும் இல்லை. "வாய் மூட மாட்டேங்குது," என்றாள். "நோராவுக்குக் கட்டத் தெரியல. எனக்கு ஒருத்தியா முடியல. நீ வந்து தாடையத் தூக்கிப் புடி, நான் கட்டறேன். நேரமாயிட்டா வெறைச்சிடும்."

"மம்மி..."

"காதுல இருக்கறது இருக்கட்டும். வா."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அத்தை நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். கண்களை யாரோ மூடிவிட்டிருந்தார்கள். ஆஞ்சலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளங்கையை அப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்து மெல்லத் தூக்கினாள். நாலு நாள் தாடி கையில் குத்தியது. கழுத்து இன்னும் சூடாக இருந்தது. பற்கள் ஒன்றோடொன்று சேரும் சின்னச் சத்தம் கேட்டது. அம்மா துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து, காதுகளை ஒட்டி மேலே கொண்டுபோய், உச்சியில் முடிச்சுப் போட முயன்றாள். விரல்கள் நழுவின. அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?" சந்திரசேகரனின் குரல். "அவ்ளோதானா, முடிஞ்சுதா?"

ஆஞ்சலா இன்னொரு கையால் மைக்கைத் திறந்தாள். அத்தை ஜெபத்தை நிறுத்தினாள். அம்மா துணியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார்," என்றாள். "பிஸ்கட்ட மட்டும் கையில வச்சுக்கோங்க. இப்பதான் ஊத்தப்போறாங்க."

அம்மா முடிச்சை இறுக்கிவிட்டு, கையை எடுத்துக்கொள்ளலாம் என்று தலையசைத்தாள். ஆஞ்சலா எடுக்கவில்லை. எங்கோ ஒரு புட்டியின் கார்க் கழன்றது. முதல் கோப்பையில் ஒயின் விழும் சத்தம், பிறகு அடுத்ததில், பிறகு அதற்கடுத்ததில். பதினான்கும் நிறையும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.