செவ்வாய், வெள்ளி, நாலு மணி

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். வெள்ளிக்கிழமையும் அதே நாலு மணிக்குப் போனார். அடுத்த செவ்வாயும் போனபோதுதான் அக்காக்காரிக்குப் பொறி தட்டியது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அப்பா வேலைநாளில் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வருவதே அதிசயம். இப்போது வந்த வேகத்தில் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, தம்பிக்குச் செருப்பை மாட்டி, "சும்மா ஒரு ரவுண்டு" என்று கிளம்பிவிடுகிறார். நானும் வருகிறேன் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே விழுவாள். அம்மா வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவள்.

"இந்த ஊசிய எல்லாம் பெருசு சின்னதாப் பிரிச்சு வைடி."

"நேத்துதானே பிரிச்சேன்."

"கலந்துபோச்சு."

டப்பாவுக்குள் இருக்கிற ஊசி தானாக எப்படிக் கலக்கும்? அம்மாவும் கூட்டு என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

அந்த வீட்டில் அம்மாவிடம் தமிழ், அப்பாவிடம் அப்பாவின் பாஷை; ஊர் பேசுகிறதும் அதுதான். ஒன்பது வயதுக்காரி இரண்டிலும் வெளுத்து வாங்குவாள். நாலரை வயதுத் தம்பிக்குத்தான் பேச்சு குறைவு. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. அவன் புருவத்தைத் தூக்கினால் பசி, மூக்கைச் சுளித்தால் சட்டை உறுத்துகிறது. அவள் அதை அம்மாவிடம் ஒரு பாஷையிலும் அப்பாவிடம் இன்னொரு பாஷையிலும் எடுத்துச் சொல்லிவிடுவாள். அப்பா அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பேர் வைத்ததே அதற்காகத்தான். பஸ் விளையாட்டிலும் அப்படித்தான். அவன் டிரைவர். கண்டக்டர், பயணிகள், சில்லறை இல்லாமல் சண்டை போடுகிறவர், எல்லாம் அவள்.

இப்போதோ அப்பா அவனை பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சொல்லித்தருகிறார். அம்மா சமையலறையில் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறாள். அவள் உள்ளே நுழைந்தால் கப்சிப்.

வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளின் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது, ஆளுக்கு ஒரு பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்கள். அதை நினைத்தவள் தம்பியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். தம்பி சட்டையில் வேறு ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

"இது யார்டா ஒட்டினது?"

சிரித்தான்.

"அத்தை வீட்டுக்கா போறீங்க?"

தலையாட்டினான்.

"அங்கேயே இருக்கப்போறியா?"

அதற்கும் ஆட்டினான். நீ கழுதையா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான். அப்படிக் கேட்டுப் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கியவள், அப்படியே அவர்கள் பின்னால் போனாள். இரண்டாவது தெரு, மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. பாதி திறந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் அப்பா மட்டும் இருந்தார். அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார்.

"அவன யாருக்குக் குடுக்கப்போறீங்க?" என்று அவர் பாஷையிலேயே கேட்டாள்.

"குடுக்கறதா? யாரும்மா சொன்னா உனக்கு?"

"அப்ப இது என்ன?"

"அவனுக்குப் பேசச் சொல்லித்தர்றாங்க. ஸ்கூல்ல சேர்க்கப் போனப்ப எது கேட்டாலும் ஒரு வார்த்தை வரல. இப்படியே இருந்தா சேர்த்துக்க மாட்டாங்களாம்."

"என்னைக் கேட்டா நான் சொல்லியிருப்பேன்ல, அவனுக்கு என்ன வேணும்னு."

"அதாம்மா விஷயமே." அப்பா நகத்து அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பக்கத்துல இருந்தா அவன் வாயே திறக்க மாட்டேங்கறான். கொஞ்ச நாளைக்கு உன்னைத் தள்ளி வெச்சுப் பார்க்கச் சொன்னாங்க டீச்சர். இத உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல, வக்கீலம்மா."

ஆக, பிரிக்கப் பார்த்தது உண்மைதான். இதுவும் கட்டுக்கதையாக இருக்குமோ என்று நினைத்த நேரத்தில் உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. நாயைப் பற்றி என்னவோ, நீளமாக. இவ்வளவு நீளத்துக்கு அவள் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டான். பேச்சு அப்படியே நின்றது.

டீச்சர் குடைப் படத்தைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டார். அவன் டீச்சரைத் தாண்டி அவளைப் பார்த்தான். சொல்லேன் என்கிற அதே பார்வை. அவளுக்கு இரண்டு பாஷையிலும் விடை நாக்கு நுனியில் வந்து நின்றது.

மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. காகிதக் கப்பில் பிடித்து, கன்னம் புடைக்க வாயில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் காத்திருந்தான். டீச்சரும் காத்திருந்தார். அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

"குடை" என்றான் தமிழில். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி அப்பா பாஷையில், "அக்காவோடது. எனக்கு ஒரு நாள்கூடத் தந்ததில்ல."

பச்சைப் பொய். போன வாரம்கூட அவனுக்குப் பிடித்துவிட்டு அவள்தான் தொப்பலாக நனைந்தாள். இவ்வளவு கோர்வையாகக் கோள் மூட்டத் தெரிந்தவன் இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு இப்போது புதிதாக ஒரு சந்தேகம் கிளம்பியது. கேட்டுவிடலாம். ஒரு மிடறு விழுங்கினால் போதும்.

அவள் விழுங்கவில்லை.