எடுத்ததும் வைத்ததும்

என் மனைவி சுலைஹாவின் உயிர் அறுபத்தெட்டு ரிங்கிட். அது கழிவு போக விலை. அசல் விலை இருநூற்றிருபது. அந்த விலைக்கு நான் வாங்க மறுத்துவிட்டேன்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் காலை பசியாறும்போது, "மச்சான், இடது பக்கம் கை வச்சா புளியங்கொட்டை மாதிரி உருளுது" என்றாள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே இருந்தது ஆண் டாக்டர். அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள். டவுனில் பெண்களே படம் எடுக்கும் தனியார் நிலையம் ஒன்றுக்குப் போன் போட்டேன். இருநூற்றிருபது என்றார்கள். குறைக்க முடியுமா என்று கேட்டேன். மார்புப் படத்துக்குப் பேரம் பேசும் ஆளை அந்தப் பெண் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. சிரித்துவிட்டு, "நவம்பர்ல எங்க எனிவர்சரி சேல் வரும் அங்கிள். அறுபத்தெட்டுதான்" என்றாள்.

நான் துணி வியாபாரி வீட்டுப் பிள்ளை. மலாக்காவில் அத்தாவின் கட்பீஸ் கடை மேசைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். அவர் எனக்கு விட்டுப்போனது கடை, கொஞ்சம் கடன், ஒரு வாக்கியம்: அவசரப்படுகிறவன்தான் முழு விலை கொடுப்பான். அந்த வாக்கியம் என்னை அதுவரை ஏமாற்றியதில்லை. பெருநாள் துணியைப் பெருநாளுக்கு மறுநாள் வாங்குவேன். மழைக்காலக் குடையை வெயிலில் வாங்குவேன். ஆகஸ்டிலிருந்து நவம்பர் மூன்று மாதம். மிச்சம் நூற்றைம்பத்திரண்டு ரிங்கிட். மாதத்துக்கு ஐம்பது ரிங்கிட் கூலி கொடுத்தால் ஒரு புளியங்கொட்டை சும்மா இருக்காதா என்று நினைத்தேன்.

நவம்பரில் முதல் ஆளாக வாங்கினேன். கூப்பனைத் தாளில் அச்சடித்து, கடையில் வைத்தே அவள் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு ஜோக் அடித்தேன். "போயிட்டு ஒண்ணும் இல்லன்னு வந்து நிக்காத. அப்புறம் அறுபத்தெட்டு வெள்ளி தண்டம்." துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சுலைஹாவும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, கூப்பன் தொலைந்துவிட்டது என்றாள். "பாசார்ல மீன் வாங்கறப்ப எங்கேயோ விழுந்துடுச்சு மச்சான்."

அன்றைக்கு நான் பேசிய பேச்சைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மறுபடி இருநூற்றிருபது கொடுத்தால் மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டு. ஒரே சரக்குக்கு இரண்டு முறை காசு கொடுத்த வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. ஹரிராயா பெருநாளுக்கு முன்னால் இன்னொரு சேல் வரும் என்று காத்திருந்தேன். மார்ச் மாதம் துணி காயப்போடக் கையைத் தூக்கியவள், தூக்க முடியாமல் கொடிக்கயிற்றின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் கட்டம் என்றார்கள். இதுவரை நான்கு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. முடி இல்லை.

ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் ரஹீலா போனில் கேட்டாள்: "அப்பவே காசக் கொடுத்துப் பாத்திருக்கலாம்ல அத்தா?"

"உங்கம்மா கூப்பன தொலைச்சுட்டா. நான் என்னம்மா செய்ய?"

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதைத்தான் சொன்னேன். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமும் இதைத்தான். சுலைஹா காதில் விழும்படியே சொல்வேன். அவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருப்பாள். அவள் தொலைத்தாள் என்ற அந்த ஒரு வாக்கியத்தை விரித்துப் படுத்துத்தான் இத்தனை மாதமும் நான் தூங்கினேன்.

இதற்கு நடுவில் டப்பா கதை ஒன்று இருக்கிறது.

ரஹீலா ஜொகூருக்குப் போகும் முன் அம்மாவின் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைத்து, இடத்தைப் போன் வரைபடத்தில் போட்டுவிடுவார்கள். தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். பரிசு கிரிசு எதுவும் கிடையாது. டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில், அல்லது கூடுதல் மதிப்பில், ஒரு பொருளை வைக்க வேண்டும் என்பது சட்டம்.

சுலைஹாவுக்கு அது பைத்தியமாகிவிட்டது. நானும் ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு: டப்பாவுக்கு மட்டும் பெட்ரோல் கிடையாது. அந்த வழியில் மூன்று வேலையாவது இருக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவு விலையில் அரிசி, கார் டயருக்கு இலவசக் காற்று, கார்டு பாயின்டுக்கு ஒரு சமையல் எண்ணெய், அதற்குப் பிறகு ஒரு டப்பா என்று மலாக்கா மாநிலம் முழுக்கச் சுற்றினோம்.

அந்தச் சட்டத்தை மட்டும் என்னால் மதிக்க முடியவில்லை. முகம் தெரியாத ஆளோடு பண்டமாற்று; நாணயம் எதற்கு? ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, காலாவதியான ஷாம்பு கூப்பனை வைப்பேன்.

"அடுத்து வர்றவங்க என்ன நெனப்பாங்க மச்சான்?"

"டப்பாவுக்கு என்ன கண்ணா இருக்கு? வா லா."

இரண்டு வருடத்துக்கு முன் அவளே ஒரு டப்பாவை ஒளித்து வைத்தாள். ரெம்பியா தாண்டி ஒரு தோட்டத்தில், பழைய பால் ஸ்டோர் சுவரில். ஒரு காலத்தில் ரப்பர் பாலை எடை போட்ட இடம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஸ்டோருக்குக் கூரைகூட இல்லை.

போன சனிக்கிழமை அந்த டப்பாவைப் பற்றிப் போனில் ஒரு புகார் வந்தது. நோட்டு நனைந்துவிட்டது, எழுத இடமும் இல்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். சுலைஹா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்.

"நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க. புது நோட்டு வச்சிட்டு, பழச எடுத்துப் போட்டுருங்க. தொறந்து கிறந்து பாக்க வேணாம்."

"அவ்ளோ தூரம் ஒரு நோட்டுக்கா?"

"ரெம்பியாவுல முட்டை ஆஃபர். புலாவ் செபாங்ல உங்க பழைய பாக்கிக்காரர் இன்னிக்குக் கடையில இருப்பாராம். வர்ற வழியில மருந்துக்கடையில என் பாயின்ட் முடியறதுக்குள்ள பஞ்சு வாங்கணும். மூணாச்சா?"

இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். என்னை எந்த விலைக்கு நகர்த்தலாம் என்று அவளுக்குத் தெரியும்.

பாக்கிக்காரர் கடையில் இல்லை. முட்டை கிடைத்தது. தோட்டத்து முச்சந்தியில் குஞ்சம்மா குடைக்கு அடியில் இளநீரும் மரவள்ளிக்கிழங்கும் விற்றுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் மிச்சம் இருக்கும் ஏழெட்டு வீடுகளில் ஒன்று அவளுடையது. டப்பாவுக்கு வருகிறவர்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும்.

"பொட்டிக்கா பாய்? தங்கச்சி வரலயா?"

"ஒடம்புக்கு முடியலக்கா."

"அன்னிக்கே மொகம் சரியில்ல. நான் கேட்டேன், ஒண்ணும் சொல்லல."

"என்னிக்கு?"

"தீபாவளி கழிஞ்ச மாசம். ஒத்தையில கிரேப் வாடகைக் காருல வந்தாங்களே, ஒங்களுக்குத் தெரியாது? டிரைவர நிக்கச் சொல்லிட்டு உள்ள போனாங்க. திரும்பி வந்து அந்தக் கல்லுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. இளநி குடுத்தேன். காசு வாங்கல. ஒங்களுக்குன்னா வாங்கிருப்பேன்."

மலாக்காவிலிருந்து கிரேப் போக இருபத்தெட்டு, வர இருபத்தெட்டு. ஐம்பத்தாறு ரிங்கிட்டைச் சுலைஹா சலுகை இல்லாமல், மூன்று வேலை சேர்க்காமல், என்னிடம் சொல்லாமல் செலவு செய்திருக்கிறாள். வேறொரு ஆம்பிளையோடு போனாள் என்று சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

பால் ஸ்டோர் சுவரில் ஆடும் செங்கலைத் தள்ளினேன். பின்னால் டப்பா. உள்ளே ஒரு பொம்மைக் கார், நான் எப்போதோ போட்ட ஷாம்பு கூப்பன், சருகுமான் பொம்மை தொங்கும் சாவி வளையம் ஒன்று, நனைந்து உப்பிய நோட்டு. திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். எங்கள் வீட்டில் பழைய பேப்பரைக்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் எடைக்குப் போடுவோம்.

கடைசிப் பக்கங்களில் சுலைஹாவின் கையெழுத்து இருந்தது.

"நவம்பர் 24. என் பெட்டிக்கு நானே வந்திருக்கிறேன். எடுத்தது எதுவும் இல்லை. வைத்தது ஒரு கூப்பன், ஜனவரி முடிய செல்லும். போய் ஒன்றும் இல்லை என்று வந்தால் காசு தண்டம் என்கிறார். ஏதாவது இருந்தால் நான் தண்டம். எனக்குப் பயமாக இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் இந்தப் பெட்டிகளில் இதுவரை போட்ட குப்பைக்கெல்லாம் இதை ஈடாக வைத்துக்கொள்ளுங்கள்."

செம்பனை மட்டை ஒன்று எங்கோ முறிந்து விழுந்தது. ஒட்டிக்கிடந்த அடுத்த பக்கத்தை நகத்தால் பிரித்தேன். அதில் வேறொரு கை, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"டிசம்பர் 9. கூப்பன எடுத்துக்கிறேன், எங்க அம்மாவுக்கு. சமமா வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல, கீசெயின்தான் இருக்கு. சாரி. தாரணி, ரெம்பியா."

அதற்குக் கீழே, அதே கை:

"ஜனவரி 3. அம்மாவுக்கு எல்லாம் கிளியர். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ரெண்டு நாளா அம்மா சிரிச்சிக்கிட்டே இருக்காங்க. கூப்பன் வச்ச அக்கா, இத எப்பவாவது படிச்சா நீங்களும் போய்ப் பாத்துருங்க, ப்ளீஸ்."

ஜனவரி மூன்றாம் தேதி. அப்போது நான் ஹரிராயா சேலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கொடிக்கயிற்றுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

போன் அடித்தது. சுலைஹா.

"நோட்ட மாத்தியாச்சா மச்சான்?"

"ஆச்சு."

"பழச?"

"போட்டுட்டேன்." நோட்டு என் கையில்தான் இருந்தது.

யாரோ தெரிந்தவரை விசாரிப்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"பொட்டியில வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

கூப்பன் யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் இங்கே வரவே இல்லை. ரெம்பியாவில் ஒரு பெண் இரண்டு நாள் விடாமல் சிரித்தாள் என்ற சேதி சுலைஹாவுக்குச் சேர வேண்டியது. அந்தச் சிரிப்பை வாங்கியவள் அவள். சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நான் படித்தது தெரியும். படித்தது தெரிந்தால், அவள் தொலைத்தாள் என்று இனி நான் யாரிடமும் சொல்ல முடியாது. ரஹீலாவிடம் முடியாது. ராத்திரி என்னிடமே முடியாது.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ம்" என்றாள். "பஞ்சு மறந்துறாதீங்க."

நோட்டை ஸ்டோருக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எறிந்தேன். அது உடனே மூழ்கவில்லை. கொஞ்ச தூரம் விரிந்தபடியே போனது. புது நோட்டை டப்பாவில் வைத்தேன். சாவி வளையத்தை எடுத்துக்கொண்டேன். என் அறுபத்தெட்டு ரிங்கிட்டுக்கு வந்த சரக்கு அது ஒன்றுதான். பதிலுக்கு வைக்கச் சட்டைப்பையில் துழாவினேன். சமையல் எண்ணெய்க் கூப்பன் ஒன்று இருந்தது, போன மாதத்தோடு முடிந்தது. அதைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு செங்கலை மூடினேன்.

முச்சந்தியில் சுலைஹாவுக்கு இரண்டு இளநீர் கேட்டேன். ஒன்று ஐந்து வெள்ளி என்றாள் குஞ்சம்மா. கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் என் வாய் பேசிவிட்டது.

"ரெண்டும் சேத்து எட்டுக்குக் குடுங்கக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "நோயாளிக்குன்னு கேட்டா சும்மாவே குடுப்பேன் பாய். நீங்க பேரம் பேசுறீங்க. எடுத்துட்டுப் போங்க, எட்டு."

காரில் ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டு, முட்டை வாங்கிய பில்லைத் திருப்பி வைத்து எழுதினேன். அன்றைய கணக்கை அன்றைக்கே முடிப்பது எங்கள் கடை வழக்கம்.

செலவு: கூப்பன் 68.00. கிரேப், போக வர 56.00. புது நோட்டு 2.80. ஆக 126.80.

வரவு: சாவி வளையம், மொத்த விலையில் 0.90. முட்டை ஆஃபரில் 1.50. இளநீரில் 2.00. ஆக 4.40.

காத்திருந்ததில் மிச்சம்: 152.00 என்று எழுதி, அடித்துவிட்டேன்.

பாக்கி 122.40.

சுலைஹா: இன்னும் எழுதவில்லை.